நாலு கால் முக்காலி

என் அக்கா எதைக் கையில் எடுத்தாலும் முதலில் கவிழ்த்துத்தான் பார்ப்பாள். கல்யாணம் பேசி முடித்த புதிதில் அத்தான் அவளைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மேசை நடுவில் நீலமாக ஒரு சர்க்கரைக் கிண்ணம். அக்காவின் கை சும்மா இருக்குமா? தூக்கினாள், திருப்பினாள். சர்க்கரை மொத்தமும் மேசை விரிப்பில். அத்தானின் அம்மா மகனிடம் சொன்னாராம்: "வீட்டுக்கு வர்றவ நம்ம மூஞ்சியைப் பார்ப்பான்னு நினைச்சேன். இவ கிண்ணத்தோட அடியைப் பார்க்கிறாளே!"

கிண்ணம் சாதாரணக் கிண்ணம்தான். அதையும் அக்கா அங்கேயே சொல்லிவிட்டாள். அப்படியிருந்தும் கல்யாணம் நடந்தது என்றால் அத்தானின் பெருந்தன்மை.

பழைய பொருள் சந்தையில் அவளுக்கு 'அடியக்கா' என்று பெயர். கூரை போட்ட நீளமான சந்தை அது. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் கதவில்லாத கடைகள். எங்கள் கடை பதினாலாவது. அக்கா வாங்குவாள், விற்பாள், விலை சொல்வாள். நான் படம் எடுப்பேன், கடிதம் எழுதுவேன், பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டி கட்டுவேன். பூச்சாடி, கூஜா, தட்டு, விளக்கடி, ஓடு என்று எதுவாக இருந்தாலும் மண்ணால் செய்து, மேலே பளபளப்பு ஏற்றிச் சுட்டதாக இருந்தால் அது எங்கள் சரக்கு. உலோகம், மரம், கண்ணாடி பக்கமே போக மாட்டோம். "ஒரு வாய்க்கு ஒரு நாக்கு போதும்" என்பாள்.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. பீங்கான் கடை ஒன்றில் சாமான் கட்டுகிற வேலைக்குப் போனவள் முதல் வாரமே ஒரு சாடியைப் போட்டு உடைத்தாள். முதலாளி திட்டிக்கொண்டிருக்க, இவள் உடைந்த ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "வெளியே பச்சை, உள்ளே செங்கல் கலரா இருக்கு பாருங்க" என்றாளாம். வேலை போய்விட்டது. ஓடு மட்டும் அவளோடு வந்தது.

எங்கள் ஊர் ஆற்றங்கரையில் முன்பு ஒரு பட்டறை இருந்தது. முப்பத்தைந்து வருஷம் ஓடி, மூடி நாற்பது வருஷம் ஆகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குதான் அதன் முத்திரை. அங்கே செய்த சாடிகளுக்காகச் சேகரிப்பாளர்கள் இன்றைக்கும் தூர தேசத்திலிருந்தெல்லாம் எழுதுவார்கள். சூளையில் வெடித்ததையும் கோணியதையும் பட்டறைக்காரர்கள் பின்பக்கம் ஆற்றுச்சரிவில் கொட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நானும் அக்காவும் சாக்குப் பையோடு அங்கே இறங்கிவிடுவோம். அவள் பள்ளிக்கூடமே அந்தக் குப்பைமேடுதான். ஓட்டின் விளிம்பைப் பார்த்தே மண் எது, எந்த வருஷத்துப் பச்சை, யார் கை என்று சொல்லப் பழகினாள். எட்டுப் பெட்டி நிறைய உடைசல் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கடியில் இருந்தது. "மத்த வீட்ல நகையை ஒளிச்சு வைப்பாங்க" என்று அத்தான் வருகிறவர்களிடம் சொல்வார்.

அக்கா ஒரு சாடியைப் பார்ப்பதே பார்க்க வேண்டிய காட்சி. கவிழ்த்து அடிவளையத்தில் கட்டைவிரலை ஓட்டுவாள். பளபளப்பு ஏறாத அந்த வளையத்தில்தான் மண்ணின் சொந்த நிறம் தெரியும். விரல் கணுவால் ஒரு தட்டு. நல்ல சாடி மணி மாதிரி பதில் சொல்லும், கீறல் விட்டது ஜலதோஷம் பிடித்தது மாதிரிப் பேசும். பிறகு வாய்ப்பக்கத்தை மெல்லப் பல்லில் தொடுவாள். உடைந்ததை ஒட்டிச் சாயம் பூசியிருந்தால் கண் ஏமாந்தாலும் பல் ஏமாறாது, அந்த இடம் மெத்தென்று இருக்கும். கடைசியாகத்தான் முத்திரை. "முத்திரை யார் வேணும்னாலும் குத்தலாம். மண்ணு பொய் சொல்லாது" என்பது அவள் வேதவாக்கு.

அந்த வேதவாக்குதான் அவளைக் கவிழ்த்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் ஒரு பஸ் டிரைவர் வந்தார். சீருடை மாற்றாமல், பணி முடிந்த கையோடு வந்திருந்தார். குளிக்கிற துண்டில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு அணைத்து ஒரு சாடி. முழங்கை உயரம். மழைக்கு முந்தின வானம் மாதிரி நீலமும் சாம்பலும் கலந்த நிறம். அதன் மேல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்த நாணல். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது.

"எங்க அம்மா அந்தக் கொக்குப் பட்டறையில வேலை பார்த்தவங்க மேடம்" என்றார். "இது அவங்களே வரைஞ்சதுன்னு சொல்றாங்க. எங்க சொந்தக்காரங்க யாரும் நம்பலை. கூட்டித் துடைச்சவளுக்குப் படம் வரையக் கொடுப்பாங்களான்னு சிரிக்கிறாங்க. நீங்க பார்த்துச் சொன்னா எல்லாரும் ஏத்துக்குவாங்க."

"விக்கவா வந்தீங்க?"

"இல்லைங்க. தெரிஞ்சுக்கத்தான்."

அக்கா கவிழ்த்தாள். கட்டிலுக்கடிப் பெட்டியிலிருந்து கடைக்குக் கொண்டுவந்து வைத்திருந்த கொக்குப் பட்டறை ஓடு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். ஓடு சிவப்பு, சாடியின் அடிவளையமோ சுண்ணாம்பு வெள்ளை. முத்திரைக் கொக்கை அளவுகோலால் அளந்தாள். இருக்க வேண்டியதைவிட ஒரு கடுகளவு சின்னது. அசல் சாடியிலிருந்து அச்சு எடுத்துப் போலி செய்தால், சுடும்போது மண் சுருங்கி, முத்திரையும் இப்படித்தான் சின்னதாகப் போகும். பட்டறை ஓவியர்கள் எல்லாரும் அடியில் தங்கள் பெயரின் முதலெழுத்தைக் கீறுவார்கள், இதில் எழுத்தே இல்லை. நெருக்கமாக மூன்று சின்னப் புள்ளிக் குழி மட்டும் இருந்தது.

"இது என்னங்க புள்ளி?" என்றார் டிரைவர்.

"முக்காலித் தழும்பு. சூளையில அடி ஒட்டிக்கக் கூடாதுன்னு மூணு கால் வச்ச சின்ன மண் முக்காலி மேல நிக்க வைப்பாங்க. அது பட்ட இடம்." அக்கா சாடியை நிமிர்த்தி வைத்தாள். "இது அந்தப் பட்டறைச் சரக்கு இல்லைங்க. பின்னால யாரோ பார்த்துப் பண்ணினது. அம்மாவுக்கு வயசாச்சு, எதையோ எதோடயோ சேர்த்து நினைச்சிருப்பாங்க."

அவர் துண்டைப் பிரித்து மறுபடி சுற்றினார். முகம் தொங்கிப் போயிருந்தது. அக்காவுக்கே மனசு கேட்காமல், "பார்க்க அழகாத்தான் இருக்கு. வீட்ல லைட்டு ஸ்டாண்டா பண்ணி வச்சுக்கோங்க" என்றாள்.

"சரிங்க" என்றார். போகும்போது, "நான் பதினேழாம் நம்பர் பஸ்தான் ஓட்டுறேன். அந்தப் பக்கம் வந்தா ஏறுங்க" என்றும் சொன்னார். கோபமே இல்லாத மனுஷன். கடைக்கு வருகிற எல்லாவற்றையும் போல அதன் அடியையும் நான் படம் எடுத்து வைத்தேன். அதோடு அதை மறந்தோம்.

இந்த வருஷ ஆரம்பத்தில் பட்டறையின் சூளை மேஸ்திரி இறந்துபோனார். தொண்ணூறு தாண்டிய வயசு. அவருடைய மருமகள் எங்களைக் கூப்பிட்டனுப்பினாள். வீட்டுப் பின்கட்டுக் கொட்டகையில் நிறையச் சாமான் இருக்கிறதாம், எடுத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்து கொடுத்தால் போதுமாம். போனோம். ஒட்டடையும் எலிப்புழுக்கையும் தாண்டி மூலையில் ஒரு பலகைப் பெட்டி. அக்கா மூடியை நெம்பித் திறந்தாள்.

உள்ளே நூற்றுக்கணக்கில் சோதனை ஓடுகள். புதுச் சாயக் கலவையைச் சாடியில் பூசுவதற்கு முன்னால் விரல் நீள ஓட்டில் பூசிச் சுட்டுப் பார்ப்பார்கள், அந்த ஓடுகள். அதோடு எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு குறிப்புப் புத்தகம். அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதல் ஓடுகள் எல்லாம் சிவப்பு மண். பத்துப் பதினைந்து தாண்டியதும் ஒரு வெள்ளை ஓடு. அடுத்ததும் வெள்ளை. அதற்கடுத்ததும்.

"புத்தகத்தைப் படிடீ" என்றாள்.

படித்தேன். மேஸ்திரி எழுத்து கோழி கிளறினது மாதிரி இருந்தது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் சிவப்பு மண் எடுக்கும் பள்ளம் தண்ணீரில் மூழ்கிவிட்டதாம். இரண்டு வருஷம் வெளியிலிருந்து வெள்ளை மண் வரவழைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். 'இந்த மண் அதிகம் சுருங்குகிறது, முத்திரை கூடச் சின்னதாகிறது' என்று ஒரு வரி. 'வெள்ளம் அரித்த கரையை நிரப்ப உடைசலை எல்லாம் அங்கே கொட்டுகிறோம்' என்று இன்னொரு வரி.

அந்தக் கரைமேல் இப்போது தார் ரோடு. குப்பைமேட்டுக்குப் போக நாங்கள் வாராவாரம் நடந்த ரோடு அதுதான். பாடத்தில் ஒரு பக்கம் எங்கள் காலுக்கடியிலேயே கிடந்திருக்கிறது.

அக்கா ஓடுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். சிலவற்றின் பின்பக்கம் முதலெழுத்து. சிலவற்றில் நெருக்கமாக மூன்று புள்ளி. ஒன்றில் நாலு புள்ளி. நான் அந்த எண்ணைப் புத்தகத்தில் தேடினேன். எதிரே எழுதியிருந்தது: 'நாணல் நீலம். நாலு புள்ளி. துடைக்கிற அம்மா கை. நம் ஓவியர்களைவிட நன்றாக வந்திருக்கிறது. வெளியே சொல்ல வேண்டாம்.'

அக்கா எழுந்திருக்கவே இல்லை. மருமகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பழைய படத்தைத் தேடி எடுத்தோம். அதே மூன்று புள்ளி. அக்கா அத்தானிடம் நாலு புள்ளி வைத்த ஓட்டைக் காட்டினாள். அத்தான் பூட்டு ரிப்பேர்க்காரர், மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். ஓட்டை அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"முக்காலித் தழும்புன்னு சொல்லுவியே, அதுவா? நாலு இருக்கே! முக்காலிக்கு ஏதும்மா நாலு கால்?"

"அதைத்தாங்க நானும் என்னைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"இன்னொண்ணு. ஒரு பக்கம் மட்டும் சாயம் பூசின ஓடு. படுக்க வச்சே சுட்டிருக்கலாமே. அதுக்கு எதுக்கு முக்காலி?"

அக்கா அழ ஆரம்பித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு சாடியைப் பற்றி அத்தான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான், அதற்கும் பெண்டாட்டி அழுதால் மனுஷன் என்ன செய்வார்? "நான் தப்பா ஏதும் கேட்டுட்டேனா?" என்று என்னைப் பார்த்தார்.

அக்காவின் அழுகை சாடிக்காக இல்லை. "அந்தம்மாவைப் பொய்க்காரின்னு சொல்லி அனுப்பிட்டேன்டீ" என்றாள். "வயசாச்சு, மறந்திருப்பாங்கன்னு மரியாதையாச் சொன்னேன். மரியாதையாச் சொன்னா பொய்க்காரி இல்லைன்னு ஆயிடுமா?" பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷத்தில் புள்ளி வைத்த சாடி எதையெல்லாம் 'பெயர் தெரியாதவர்', 'போலி' என்று சல்லிசாக விற்றோம் என்று யோசித்தாள். என் படப்பெட்டியில் ஆறு கிடைத்தது.

விஷயம் சந்தையில் கசிந்தது. பக்கத்துக் கடையில் முகம் பார்க்கிற பழைய கண்ணாடிகள் விற்கிற கண்ணாடிக்காரர் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆனைக்கும் அடி சறுக்கும். உனக்கு அடியிலேயே சறுக்கியிருக்கு. சரி, யாருக்குத் தெரியும்? கமுக்கமா போய் அந்தச் சாடியைப் போலிக்கான விலைக்கே கேட்டு வாங்கிடு. அப்புறம் புத்தகத்தை வெளியே விடு. உன் பேரும் கெடாது, லாபமும் ஆச்சு."

"அண்ணே, உங்க கடையில இத்தனை கண்ணாடி இருக்கு. ஒண்ணுலயாவது போய் நின்னு இதையே இன்னொரு தடவை சொல்லிப் பாருங்க" என்றாள் அக்கா.

அவர் இரண்டு வாரம் பேசவில்லை.

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினோம். ஓட்டியவர் இளைஞர். அக்கா விவரம் சொன்னதும், "அவரா? ரிட்டயர்டாகி நாலு வருஷமாச்சே. பிரேக் போட்டா பயணிகிட்ட மன்னிப்புக் கேட்பாரே, அவர்தானே?" என்று கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வழி காட்டினார். மாடியில் இரண்டு அறை வீடு. டிரைவர்தான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

கூடத்து ஓரத்தில், சோபா பக்கத்தில், அந்தச் சாடி நின்றது. தலையில் மஞ்சள் துணிக் குடையும் உள்ளே பல்புமாக. அடியிலிருந்து கறுப்பு ஒயர் ஒன்று சுவர் வரை ஓடியது.

"நீங்க சொன்னீங்களே, லைட்டு ஸ்டாண்டு" என்றார் டிரைவர் சந்தோஷமாக. "நானே டிரில் வாங்கி ஓட்டை போட்டேன். ஒரு விரிசல் விடலையே!"

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அடியில் ஓட்டை போட்டால் அப்படிப்பட்ட சாடியின் விலை பாதியாகப் போய்விடும். ஓட்டை போடச் சொன்னது யார்?

ஒயரைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தாள். மூன்று புள்ளிகளில் இரண்டு பத்திரமாக இருந்தன. மூன்றாவது புள்ளியைத் துரப்பணம் தின்றிருந்தது. பிறைநிலா மாதிரி ஒரு விளிம்பு மட்டும் மிச்சம். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். ஓடு, புத்தகம், வெள்ளை மண், தன் தப்பு, ஒன்று விடாமல். முடிந்ததும், "அம்மா உள்ளேதான் இருக்காங்க. நீங்களே சொல்லிடுங்களேன்" என்றார்.

எண்பத்தெட்டு வயசு அம்மா. ஜன்னலோரக் கட்டிலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். காது மந்தம், கண் கூர்மை. அக்கா அவர் காலடியில் போய் உட்கார்ந்து ஓட்டை அவர் மடியில் வைத்தாள். அவர் அதைக் கையில் எடுத்தார். எடுத்ததும் கவிழ்த்தார். நாலு புள்ளியையும் கட்டைவிரலால் தடவினார்.

"கடைக்குட்டி" என்றார்.

"என்னம்மா?"

"நாலுன்னா கடைக்குட்டி பொறந்தப்புறம். இது அவ பிறந்து ரெண்டு மாசத்துல பண்ணினது."

எங்களுக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார். சாயம் ஏற்றின சாடியின் அடியைப் பஞ்சால் துடைக்கிறதுதான் அவருக்கு வேலை. வெள்ளத்தில் ஓவியர்கள் பாதிப் பேர் வர முடியாமல் போன சமயம், மேஸ்திரி ஒரு நாள் தூரிகையைக் கொடுத்து, வரைந்து பார் என்றிருக்கிறார். நன்றாக வந்தது. அதன் பிறகு அவ்வப்போது கொடுத்திருக்கிறார். ஆனால் அந்தம்மா பெயர் ஓவியர் கணக்கில் இல்லையே. கீழே எழுத்துக் கீறக் கூடாது.

"எனக்கு எழுதவும் வராது. வந்தாலும் விட்டிருக்க மாட்டாங்க. ஆனா கடைசியா அடியைத் துடைக்கிறது நான்தானே? யாரும் பார்க்காதப்ப ஊசியால குத்திடுவேன். எத்தனை பிள்ளையோ அத்தனை புள்ளி."

"துடைச்ச எல்லாத்துலயும் குத்தினீங்களாம்மா?" அக்கா காதருகே கத்திக் கேட்டாள்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வரைஞ்சதுல மட்டும்தான். துடைச்சதுல எல்லாம் குத்தினா அது திருட்டு."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் தப்பாச் சொல்லிட்டேன்மா. என்னை மன்னிச்சிடுங்க."

"என்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்!"

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் அந்தம்மா. "உனக்குத் தெரிய ஒன்பது வருஷம் ஆயிருக்கு."

டிரைவர் சாடியைக் கொண்டுவந்து காட்டினார். ஓட்டையைப் பார்த்ததும் அந்தம்மா மகனை நிமிர்ந்து பார்த்தார். "டேய், இதுல மொதப் புள்ளி உங்க அண்ணன். ரெண்டாவது உங்க அக்கா. இது நீ. உன்னை நீயே துளைச்சுக்கிட்டியேடா!" என்றார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், பட்டாணி எல்லாம் கட்டிலுக்குக் கீழே உருண்டோடியது. அறுபத்து நாலு வயசு மகன் குழந்தை மாதிரி முழித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே அக்கா சொன்னாள், சாடியை விற்க வேண்டிய கட்டாயம் இல்லை, குடும்பத்திலேயே இருக்கட்டும், அசல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று. அந்தம்மா ஒப்புக்கொள்ளவில்லை.

"வித்துடு. நாலு பேர் மத்தியில வித்துடு. வீட்ல வச்சிருந்தா அது கிழவி சொல்ற கதை. காசு கொடுத்து ஒருத்தன் வாங்கினாத்தான் எங்க சொந்தக்காரங்களுக்கு அது சாடி."

ஊரில் வருஷத்துக்கு இரண்டு தடவை மட்பாண்ட ஏலம் நடத்துகிற கூடம் ஒன்று உண்டு. அக்கா ஏலக்காரரிடம் படங்கள், ஓடுகள், புத்தகம் எல்லாவற்றையும் ஒப்படைத்தாள். தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாள். அதில் முதல் வரியே, 'ஒன்பது வருஷத்துக்கு முன் நான் இதைப் போலி என்று சொன்னேன், அது என் பிழை' என்பதுதான். ஏலக்காரர், "இந்த வரி வேணுமா?" என்று கேட்டார். "அது இல்லைன்னா ஓட்டைக்குக் காரணம் எப்படிச் சொல்லுவீங்க?" என்றாள். ஓட்டையைக் கழித்து, நல்ல நிலையில் இருக்கிற சாடிக்குப் போடுவதில் பாதி மதிப்புத்தான் போட்டாள். பட்டியலில், ஓவியர் பெயர் அச்சாகிற இடத்தில், முதல் தடவையாக அந்தம்மாவின் முழுப்பெயர் அச்சானது. டிரைவர் அந்தப் பட்டியலில் இருபது பிரதி கேட்டு வாங்கிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் தபாலில் அனுப்பினார். தபால் செலவே கணிசம்.

புள்ளிச் சாடி வாங்கிப் போன ஆறு பேருக்கும் நான் கடிதம் எழுதினேன். உங்களிடம் இருப்பது இன்னாருடையது, விலை இப்போது இவ்வளவு, பத்திரமாக வைத்திருங்கள் என்று. இரண்டு பேர் நன்றி எழுதினார்கள். ஒருவர், சாடியில் இரண்டு புள்ளிதான் இருக்கிறது, மீதிப் புள்ளிக்கு என்ன ஆனது என்று கோபமாக எழுதினார். மீதிப் பிள்ளைகள் அப்போது பிறக்கவில்லை என்று பதில் போட்டோம்.

ஏலத்தன்று கூடம் நிறைந்திருந்தது. அம்மாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முன்வரிசைக்கே தள்ளிக்கொண்டு வந்தார் டிரைவர். பின்னால் ஒரு வரிசை முழுக்கச் சொந்தக்காரர்கள், சிரித்தவர்கள் உட்பட. தப்பைத் தானே எழுதிக் கொடுத்தவள் சொல்கிற விலையை யார் மதிப்பார்கள் என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கும் அந்தப் பயம் இருந்தது.

நாணல் சாடி மேசைக்கு வந்தது. ஏலக்காரர் அக்கா சொன்ன பாதி விலையில் ஆரம்பித்தார். பின்பக்கம் ஒரு கை உயர்ந்தது. ஓரத்தில் நின்ற ஒல்லியான மனுஷர் ஒருவர் தலையை அசைத்தார். கையும் தலையும் மாறி மாறி ஏறிக்கொண்டே போயின. முழுச் சாடியின் விலையையும் தாண்டியது. அந்தம்மா மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எவ்வளவுடா சொல்றாங்க?"

டிரைவர் காதில் சொன்னார். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு வருஷம் முழுக்கப் பஸ் ஓட்டினால் கிடைத்த சம்பளத்துக்கு மேலே அது.

அந்தம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் பிடித்து நிமிர்ந்து, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்:

"யய்யா! அதுல ஓட்டை இருக்குய்யா!"

கூடமே சிரித்துவிட்டது. ஏலக்காரர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, "பட்டியல்லயே போட்டிருக்கோம்மா. தெரிஞ்சுதான் கேட்கிறாங்க" என்றார்.

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சேதாம்மா."

ஒல்லி மனுஷர் இன்னும் ஒரு முறை தலையசைத்தார். பின்பக்கத்துக் கை இறங்கியது. சுத்தியல் விழுந்தது. சொந்தக்காரர் வரிசையிலிருந்து யாரோ கை தட்ட ஆரம்பிக்க, கூடமே தட்டியது. அக்கா தட்டவில்லை. அவள் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டிருந்தாள். அந்த ஒல்லி மனுஷர் நேரே சக்கர நாற்காலியிடம் வந்து, கையில் பட்டியலைக் கொடுத்து, அம்மாவின் பெயர் அச்சாகியிருந்த இடத்தில் ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். அந்தம்மா பேனாவை வாங்கி, நிதானமாக நாலு புள்ளி வைத்தார்.

அதற்கப்புறம் அக்கா என்ன ஆனாள் என்றால், கடை அப்படியேதான் நடக்கிறது. ஒரு வாடிக்கையாளர் போனார், மூன்று பேர் வந்தார்கள். "தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆளு" என்று அவர்களில் ஒருவர் சொல்லி நானே கேட்டேன். விலை சொல்லும்போது இப்போதெல்லாம், "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்க்கிறாள். கண்ணாடிக்காரர் திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டார், அவருக்கு எங்களை விட்டால் பேச ஆள் இல்லை.

அந்தம்மா வந்த பணத்தில் நாலு பிள்ளைகளுக்கும் பங்கு கொடுத்தார். டிரைவரின் பங்கில் ஓட்டைக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார் என்று கேள்வி. இப்போது வியாழக்கிழமை தோறும் டிரைவர் அவரைச் சந்தைக்கு அழைத்து வருகிறார். எங்கள் கடை வாசலில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பார், சாடியை எப்படித் துடைப்பது என்று சொல்வார், அக்கா சொல்கிற விலை அதிகம் என்று வாங்குகிறவர் பக்கம் சேர்ந்துகொண்டு பேரம் பேசுவார். அக்கா பல்லைக் கடித்துக்கொள்வாள், ஆனால் வியாழக்கிழமை மழை வந்தால் அவள்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன வாரம் பாருங்கள், நாலு வருஷமாக எங்களால் தள்ள முடியாமல் கிடந்த கோணல் கைப்பிடிக் கூஜாவை, கைப்பிடி கோணலாக இருப்பதால்தான் தண்ணீர் சிந்தாமல் ஊற்ற வரும் என்று சொல்லி, ஒரு புது ஜோடியின் தலையில் கட்டிவிட்டார். அவர்கள் போனதும் அக்கா குனிந்து, "அது நிஜமாம்மா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்குப் போய் ஊத்திப் பார்க்கட்டுமே" என்றார் அந்தம்மா.